டென்மார்க்கை எடை போட்டவர்

கப்பல் ஏறாமலே எந்த நாட்டுக்காரன் யோக்கியன் என்று சொல்லத் தெரிந்த ஒரே மனிதர், கோயமுத்தூரில் லேபிள் அச்சடித்த அவுன்ஸ்காரர்தான்.

ஊட்டி பங்களாக்களில் சீமையிலிருந்து வந்த வெண்ணெய் டப்பா திறக்கிற நாளில் தராசோடு போய் நிற்பார். லேபிளில் போட்ட அவுன்சும் கிராமும் உள்ளே இருக்கிறதா என்று சமையல்காரரைக் கொட்டச் சொல்லி நிறுப்பார். "டென்மார்க்காரன் தங்கமுங்க, ரெண்டு கிராம் கூடவே போட்டிருக்கறான். இங்கிலாந்து பரவால்லீங்க" என்று சர்டிபிகேட் கொடுப்பார். எடையைக் குறைத்த ஒரு நாட்டின் பெயரை மட்டும் வாயாலேயே சொல்லமாட்டார்.

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். இருந்தும் பெருந்துறை, தாராபுரம் வெண்ணெயை உருக்கி, சிலோனுக்கு டப்பா நெய் அனுப்ப ஆர்டர் பிடித்தேன். கிலோச் சட்டம் வந்த புதிது. லேபிளில் 'ஒரு ராத்தல், 454 கிராம்' என்று இரண்டும் வேண்டும். சாயங்காலம் தூத்துக்குடி லாரியைத் தவறவிட்டால் கப்பலும் போச்சு, ஆர்டரும் போச்சு.

காலையில் லேபிள் கட்டோடும் தராசோடும் வந்தார் அவுன்ஸ்காரர். ஒரு டப்பாவை வெட்டிக் கொட்டினார்.

"ஏனுங்க மொதலாளி, இருவது கிராம் கொறையுதுங்களே."

"யாருகிட்டப் பேசறீங்க? எங்கப்பன் காலத்துப் படியில தளும்பத் தளும்ப அளந்ததுங்க!"

"சுடச்சுட அளந்தீங்களா?"

"ஆறுனா ஒறைஞ்சு போகும். வேறெப்படி அளப்பாங்க?"

"அதானுங்க. சூட்டுல நெய் உப்பி நிக்கும். படி நெரம்பிரும், தராசு நெரம்பாதுங்க."

"சிலோன்காரன் நிறுத்தா பாக்கப்போறான்?"

"டென்மார்க்கையே நிறுத்தவன் நானு. உங்கள உட்ருவனா?" என்று லேபிள் கட்டின் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

வேறு வழியில்லை. பற்றவைத்த மூடிகளையெல்லாம் பிரித்து, குறைந்ததை ஊற்றி, மறுபடி பற்றவைத்தோம். கடைசிப் பத்து டப்பா மிச்சமிருக்கும்போது நெய் தீர்ந்துபோனது. லாரிக்காரர் வாசலில் ஹாரன் அடிக்கிறார். அவுன்ஸ்காரர் எழுந்து விறுவிறுவென்று வெளியே போனார். தொலைந்தார், இருக்கிறபடியே ஒட்டிவிடலாம் என்று லேபிளைக் கையில் எடுத்தேன். அதற்குள் ஒரு போசி நிறைய நெய்யோடு திரும்பி வந்துவிட்டார்.

"மக வளைகாப்புக்குப் பலகாரஞ்சுட ஊட்டுல காய்ச்சி வெச்சதுங்க. ஊத்துங்க."

"ஊட்டுல சும்மா உடுவாங்களா?"

"ஊட்டுக்காரி பேசத்தான் பேசுவா. மொதல்ல நிறுத்து ஊத்துங்க!"

லாரி கிளம்பியது. சிலோன்காரர் மறுபடியும் ஆர்டர் கொடுத்தார். அது என் சாமர்த்தியம். நெய்யில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அந்தப் போசியைத் திறந்தபோது வந்த மணம் என் நெய்க்கு ஒரு நாளும் வந்ததில்லை.