கருப்பாத்தாள் வீட்டுப் பேட்டரி

கணபதி,
செவ்வாய்க்கிழமை.

சத்தியமங்கலத்தில் இருக்கும் என் கூடப்பிறந்த தம்பி திருமலைசாமிக்கு உன் அக்காள் மயிலாத்தாள் எழுதுகிறேன். இங்கே நானும் பேத்தி சண்முகப்ரியாவும் ஆடு வெள்ளச்சியும் உயிரோடு இருக்கிறோம். நேற்று நடந்ததற்கு இதுவே பெரிது. அங்கே உன் முழங்காலையும் உன் மனைவியின் சர்க்கரையையும் பண்ணாரி அம்மன் கட்டுக்குள் வைத்திருக்கட்டும்.

போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்றால், போனில் சொன்னால் உன் மனைவி ஸ்பீக்கரில் போடுவாள், தெருவே கேட்கும். நீயும் "செரிக்கா, செரிக்கா" என்று பாதியில் வைத்துவிடுவாய். காகிதத்தை அப்படி வைக்க முடியாது. உட்கார்ந்து முழுவதும் படி. உனக்காக நான் எடுத்த சபதம் நேற்று உடைந்துவிட்டதா, உடையவில்லையா என்று நீதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். நேற்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

என்ன சபதம் என்று கேட்டுவிடாதே. என் மகள் கல்யாணத்தில், அவிநாசி மண்டபத்தில், நீ தாய்மாமன் சீர் கொண்டுவந்து சபையில் வைத்தாய். மயில்கழுத்து நிறச் சேலை, அரக்குக் கரை. என் ஓரகத்தி கருப்பாத்தாள், உன் மாமாவுக்கு அண்ணன் மனைவி, அந்தச் சேலையை எடுத்து விரித்துப் பார்த்து, பந்திக்கு எழுந்த ஜனமெல்லாம் கேட்கும்படி, "சீலை புதுசாமா? மடிப்பப் பாத்தா பழசாட்டம் இருக்குதே" என்றாள். அன்றைக்கு அவள் கட்டியிருந்தது மாம்பழ மஞ்சள். காதில் தொங்கிய தோடு அவள் தங்கச்சியுடையது. எனக்கு எதுவும் மறக்காது. பந்தியில் ரசம் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே முடிவு செய்தேன், என் தம்பி சீரைப் பழசு என்ற வாயோடு இந்த ஜென்மத்தில் எனக்குப் பேச்சில்லை என்று. அந்த மகளுக்குப் பிறந்த மகள் இன்று ஆஸ்பத்திரி லேப்பில் வேலைக்குப் போகிறாள். நான் பேசவில்லை. உன் மாமா செத்த அன்றைக்கு அவள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். நானும் அவளைக் கட்டிப்பிடித்து அழுதேன். ஆனால் பேசவில்லை.

இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு வரிசைக் கல்தான் எல்லை என்பது உனக்குத் தெரியும். அதனால் சேதி போகாமலும் இருக்க முடியாது. அவள் வாளியைப் பார்த்துச் சொல்வாள், நான் துடைப்பத்தைப் பார்த்துச் சொல்வேன். அது ஜாடை. எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். அது பேச்சில் சேராது.

போன தீபாவளிக்குச் சண்முகப்ரியா ஒரு பெரிய பெட்டி வாங்கி வந்தாள். புல் வெட்ட ஒரு மிஷின், இலை ஊத ஒரு மிஷின், கிளை அறுக்க நீளக் கம்பின் நுனியில் ரம்பம் வைத்த ஒரு மிஷின். மூன்றுக்கும் சேர்த்துப் பேட்டரி ஒன்றே ஒன்று. ஒரே மருமகள் மூன்று வீட்டுக்குச் சமைக்கிற மாதிரி, இதில் கழற்றி அதில் மாட்ட வேண்டும். "தீந்து போச்சுன்னா சார்ஜர்ல போட்டுட்டு கம்முனு உக்காந்துக்கோணும் அம்மாயி, மிஷினைப் போட்டு ஒதைக்கக் கூடாது" என்று சொல்லித்தான் கையில் கொடுத்தாள். காலமெல்லாம் அடுத்தவர் காட்டில் அடுத்தவர் களைக்கொத்தைப் பிடித்த கை இது, சொந்த மிஷினைப் பிடிக்கும்போது கொஞ்சம் மிதப்பு வரத்தான் செய்தது. ஊதுகிற மிஷினால் எள்ளுக்கூடத் தூற்றினேன். தூசியோடு எள்ளும் பறந்து கல்லைத் தாண்டி அவள் வாசலில் விழுந்தது. அவள் கூட்டி எடுத்து எள்ளுருண்டை பிடித்தாள். எங்கள் வீட்டுக்கு ஒரு உருண்டை வரவில்லை. அதையும் மனசில் வைத்திருக்கிறேன்.

எங்கள் வாதநாராயண மரம் இலையைக் கொட்டும், நான் அதை ஊதி அவள் பக்கம் தள்ளுவேன். இதைப் பொறுக்காமல் அவள் பேரன் ரவிதேஜா அதே கம்பெனியில், அதே நிறத்தில், ஊதுகிற மிஷின் ஒன்றை வாங்கிக் கொடுத்தான். அவள் திருப்பி ஊத ஆரம்பித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் இந்தப் பக்கம், அவள் அந்தப் பக்கம் நின்று ஊத, இலையெல்லாம் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் எல்லைக் கல் மேலேயே சுற்றிச் சுற்றி வந்தது. கடைசியில் இரண்டு பேர் பேட்டரியும் ஒன்றாகத் தீர்ந்து, இலை முதலில் இருந்த இடத்திலேயே விழுந்தது.

அதோடு விட்டிருப்பேன். ஆனால் மத்தியானமானால் அந்த மரத்தில் அவள் பக்கம் நீண்ட கிளையின் நிழலில்தான் கட்டிலைப் போட்டுப் படுப்பாள். படுத்துக்கொண்டு வாளியைப் பார்த்து, "குப்பை மரம், கருமம் புடிச்ச மரம்" என்பாள். இலை என்றால் எங்கள் வீட்டுக் குப்பை, நிழல் மட்டும் அவள் வீட்டுச் சொத்தா? கிளையை எடுத்துவிட்டால் அவள் பக்கம் இலையும் போகாது, நிழலும் போகாது என்று கம்பு ரம்பத்தை எடுத்தேன்.

நேற்றுக் கரண்ட் ஆபீசில் ஷட்டவுன். சுற்றியிருக்கும் லேத் பட்டறையெல்லாம் நின்று, வேலையாட்கள் வீட்டுக்குப் போய், கணபதி ஊரே செத்துக் கிடந்தது. பேத்தி டூட்டியில். கருப்பாத்தாள் ரேஷன் கடைக்குப் போயிருந்தாள், கட்டில் காலி. காலையில் அவள் பக்கம் இலை ஊதியதிலேயே பேட்டரி பாதிக்கு மேல் தீர்ந்திருந்தது. கரண்ட் இல்லாமல் சார்ஜும் போட முடியாது. இருக்கிறது போதும் என்று மாட்டினேன். முதலில் கிளைக்கு அடியில் சின்னதாய் ஒரு வெட்டு, பிறகு மேலிருந்து முழு வெட்டு, இப்படித்தான் அறுக்க வேண்டும் என்று சண்முகப்ரியா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். எனக்கு மேலே எட்டவில்லை. அடியிலேயே அறுத்துக்கொண்டு போனேன். பாதிக் கிளை தாண்டியிருக்கும், ரேஷன் பையோடு வந்தாள் கருப்பாத்தாள். மரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பையைக் கீழே வைத்துவிட்டு நேராக வந்து, கிளைக்கு அடியில் இருந்த கட்டிலில், காலை மடக்கிப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

நான் ஸ்விட்சிலிருந்து விரலை எடுத்தேன். எடுத்ததும் கிளை லேசாகக் கீழே இறங்கி ரம்பத்தைக் கவ்விக்கொண்டது. இழுத்தேன், வரவில்லை. மறுபடி அமுக்கினேன், மிஷின் ஒரு முக்கு முக்கிவிட்டு அணைந்தது. பேட்டரியில் மிச்சமிருந்த ஒற்றை விளக்கும் போனது. அப்போது மேலேயிருந்து 'மடக்' என்று ஒரு சத்தம். பட்டறை ஓடுகிற நாளாயிருந்தால் காதிலேயே விழுந்திருக்காது.

என் நிலைமையை நினைத்துப் பார் தம்பி. கம்பை முட்டுக் கொடுத்து நிற்கிறேன். விட்டால் கிளை அவள் தலையில். விடாவிட்டால் என் தோள் இரண்டும் கழன்றுவிடும். கூப்பிட ஆளில்லை, போன் உள்ளே கிடக்கிறது. வாயைத் திறந்து அவளிடம் ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. அந்த வார்த்தையைத்தான் உனக்காக இத்தனை வருஷம் பூட்டி வைத்திருக்கிறேன். எல்லைக் கல்லோரம் வெள்ளச்சி கட்டியிருந்தது. அதைப் பார்த்துச் சொன்னேன்.

"ஏ வெள்ளச்சி! கட்டல்ல உக்காந்திருக்கறவிங்களை அக்கட்டால போகச் சொல்லு. மேல கிளை பாதி அறுந்து நிக்குது!"

கருப்பாத்தாளும் என் ஆட்டையே பார்த்தாள். ஜாடை பேசச் சொந்தமாய் ஒரு கோழிகூட வைத்துக்கொள்ளாதவள்.

"ஏ ஆடு! இது என்ற எடம், என்ற கட்டலு. எந்திரிக்க மாட்டாங்கன்னு உன்ற எசமானியம்மாகிட்டச் சொல்லிப்போடு."

"எடத்துக்கு ஆரும் வரலீன்னு சொல்லு வெள்ளச்சி. உசுருக்குத்தான் சொல்றேன்."

"அடேங்கப்பா! வருசக்கணக்கா மொகம் குடுத்துப் பேசாதவிங்களுக்கு இன்னைக்கு என்ற உசுரு மேல என்ன புதுசா அக்கறைன்னு கேளு."

மறுபடியும் 'மடக்'. மரத்தூள் அவள் மடியில் கொட்டியது.

"கேட்டுச்சா? அந்தச் சத்தம் கேட்டுச்சான்னு கேளு!"

"கேட்டுச்சு, கேட்டுச்சு. நான் எந்திரிச்சா நெழலை அறுத்துப்போடலாம்னு திட்டம். என்ற தலை இருக்கற வரைக்கும் இந்த நெழலு இங்கதான் இருக்கும்."

"நெழலு இருக்கும், தலைதான் இருக்காதுன்னு சொல்லு!"

வெள்ளச்சி யாரிடமும் எதையும் சொல்லவில்லை. கீழே விழுந்த தழையைத் தின்றுகொண்டிருந்தது. கம்பு ஆட ஆரம்பித்துவிட்டது, கம்போடு கிளையும் ஆடியது. அவளோ சேலைத் தலைப்பில் மரத்தூளைத் தட்டிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. போகச் சொன்னால் சாகும்வரை நகர மாட்டாள். ஆனால் அவள் வீட்டுச் சாமானைக் குறைத்துச் சொன்னால் ஒரு நிமிஷம் உட்கார மாட்டாள்.

"வுட்டுரு வெள்ளச்சி" என்றேன். "அவிங்க ஊதற மிஷின்ல இருக்கற பேட்டரியை இதுல மாட்டினா ரம்பத்தை உருவிப்போடலாம். ஆனா அது எங்க? எப்பவோ செத்துத்தான் கெடக்கும். என்ன பேட்டரியோ, என்ன மிஷினோ."

கட்டில் கிறீச்சிட்டது.

"ஆரு வூட்டுப் பேட்டரி செத்துக் கெடக்குது? ஷட்டவுன்னு தெரிஞ்சு எங்க ரவிதேஜா முந்தின நாளே புல்லா சார்ஜ் போட்டு வெச்சிருக்கறான். எங்கூட்டுப் பையனுக்கு முன்யோசனை உண்டுன்னு சொல்லு. செல பேரு வூட்டாட்டம் இல்ல!"

எழுந்தாள். முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு உள்ளே போனாள். எனக்கு உயிர் வந்தது. இப்போது விழுந்துவிடு சாமி என்று கம்பை ஆட்டினேன், இழுத்தேன், தொங்கிக்கூடப் பார்த்தேன். அவள் இருந்தபோது மடக்கு மடக்கென்று பயமுறுத்திய கிளை, ஆள் இல்லாதபோது கல்லாட்டம் நின்றது. அதற்குள் அவள் வந்துவிட்டாள். பேட்டரியைக் கற்பூரத் தட்டு மாதிரி உயர்த்திப் பிடித்துக்கொண்டு, சுற்றி வராமல் கிளைக்கு அடியிலேயே நேராக வருகிறாள். "பாத்துக்கச் சொல்லு ஆடு! எல்லா வெளக்கும் எரியுது!"

மேலே மளமளவென்று நார் கிழிந்தது. வெள்ளச்சியைப் பார்க்க நேரமில்லை தம்பி.

"அக்கா! வராதீங்க! அங்கியே நில்லுங்க!"

அவள் நின்றுவிட்டாள். கிளையின் சத்தத்துக்கு நிற்கவில்லை, நான் அக்கா என்றதைக் கேட்டு நின்றாள். வாய் திறந்தது திறந்தபடி இருந்தது. அவள் மூக்குக்கு முன்னால் கிளை இறங்கிக் கட்டிலை இரண்டாக மடித்தது. அவள் தலை வைத்துப் படுக்கிற பக்கம் மண்ணுக்குள் பதிந்துபோனது. கம்பு இழுத்த இழுப்பில் நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். பிறகு அவள் கிளையைத் தாண்டி என்னிடம் வந்து, "கையி காலு செரியா இருக்குதா மயிலு?" என்றாள். நேராக என்னைப் பார்த்துத்தான் கேட்டாள்.

தலையை மட்டும் ஆட்டினேன். வழி முழுக்க மறித்துக் கிடக்கிறதே என்று அவள் பேட்டரியைப் போட்டே கிளையைத் துண்டு போட்டோம். எங்கள் மிஷினில் அது 'டிக்' என்று உட்கார்ந்தது. நடுக்கத்துக்கு ஒரு காப்பி கொடுத்தாள், மருந்து என்று நினைத்துக் குடித்தேன். சர்க்கரை தூக்கல் என்று வெள்ளச்சியிடம்தான் சொன்னேன்.

இப்போது நீ சொல். தலையாட்டியது பேச்சில்லை. காப்பி பேச்சில்லை. அந்த 'அக்கா வராதீங்க' மட்டும்தான் என் நெஞ்சில் முள்ளாய் நிற்கிறது. அது பேச்சா, கூச்சலா? பேச்சு என்று நீ சொன்னால் பண்ணாரிக்கு வந்து தண்டம் கட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன். என் தம்பி மானத்தை ஒரு வாதநாராயணக் கிளைக்கு விட்டுக்கொடுத்தேன் என்று யாரும் சொல்லக் கூடாது. இன்னொன்று, அங்கே சத்தியில் மிஷின் விற்கிற கடையில் இந்தக் கம்பெனிப் பேட்டரி ஒன்று வாங்கிப் பஸ்ஸில் கொடுத்துவிடு. அவள் பேட்டரி எங்கள் ரம்பத்திலேயே மாட்டிக் கிடக்கிறது. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இனி பேட்டரி கேட்டு ஒருநாளும் நான் அவள் வாசலில் நிற்கக் கூடாது.

உன் மனைவியை வேளைக்கு மாத்திரை போடச் சொல். உன் பிள்ளைகளும் அவர்கள் பிள்ளைகளும் விளைந்த காடு மாதிரி நிறைந்து இருக்கட்டும். நீ தீர்க்காயுசாய் இரு.

உனக்காகவே வைராக்கியமாய் இருக்கும் அக்காள்,
மயிலாத்தாள்.

பின்குறிப்பு: உறை ஒட்டச் சோற்றுப் பருக்கை எடுக்கும்போது கருப்பாத்தாள் பேட்டரிக்கு வந்தாள். ஆடு மேயப் போயிருந்ததால் நேராகத்தான் பேச வேண்டியிருந்தது. கடிதாசி ஆருக்கு என்றாள். உனக்கு என்றேன். "திருமலைசாமிக்கா? அடுத்த வாரம் வாரேன்னு சொன்னாப்டியே, கையிலயே குடுத்தர்லாமே மயிலு" என்றாள். கண் ஆஸ்பத்திரிக்கு வருகிறபோதெல்லாம் நீ முதலில் அவள் வீட்டுப் பின்வாசலில் நுழைந்து, கம்பஞ்சோறும் கருவாட்டுக் குழம்பும் சாப்பிட்டுவிட்டுத்தான் என் வீட்டு முன்வாசலுக்கு வருவாயாம். போன ஆடியில் பசியில்லை அக்கா என்று பாதி இட்லியைத் தட்டில் விட்டாய். அதற்கு முந்தின பங்குனியில் ஏப்பம் விட்டுவிட்டு வாயு என்றாய். நான் ஓமத்தண்ணி வைத்துக் கொடுத்தேன். அதுகூடப் போகட்டும். அந்தச் சீர்ச் சேலை உன் மனைவிக்கு அவள் பிறந்த வீட்டில் கொடுத்தது, கட்டாமல் பெட்டியில் கிடந்தது, உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது என்று நீயே கருப்பாத்தாளிடம் கேட்டுச் சிரித்தாயாமே.

தீர்ப்பு வேண்டாம். பேட்டரியும் வேண்டாம், அவள் வீட்டுப் பேட்டரி எங்கள் மிஷினுக்கு நன்றாகச் சேருகிறது. எழுதின காகிதம் வீணாகக் கூடாதென்று தபாலில் போடுகிறேன். இனிமேல் உன்னோடுதான் எனக்குப் பேச்சில்லை. அடுத்த வாரம் வந்தால் நேராக அவள் வீட்டுக்கே போ. குழம்பு வைக்கச் சொல்லியிருக்கிறேன். நானும் அங்கேதான் இருப்பேன். பேச மாட்டேன்.