அல்லியேரித் திருட்டு வழக்கு

பொறிநாடு எந்த வரைபடத்திலும் இல்லை. வரைபடம் வரைபவர்களை எல்லாம் மன்னர் ஆலை வேலைக்கு அனுப்பிவிட்டார் என்பதே காரணம்.

அந்நாட்டில் மாசிலாமணி சொல் தணிக்கை அதிகாரி. திரைப்படங்களில் அரசுக்கு ஆகாத சொற்களைக் கத்தரிப்பது அவர் உத்தியோகம். ஒரு காதல் படத்தில் ‘வெயில் தாங்கலை’ என்ற வசனத்தையே ஆட்சி மீதான குறை என்று வெட்டியவர்.

அவரிடம் செண்பகவல்லி என்ற பெண் ஒரு படம் கொண்டுவந்தாள். அதில் பேச்சே இல்லை. முதலில் ஓர் ஏரி. நாரைகள். பிறகு குழாய்கள், புகைபோக்கிகள், கைபேசியைக் குனிந்து பார்த்தபடி வரிசையாகப் போகும் மனிதர்கள்.

மாசிலாமணிக்கு இடம் தெரிந்துவிட்டது. அது அல்லியேரி. கல்யாணமான புதிதில் அவரும் அங்கயற்கண்ணியும் அதில் கால் நனைத்து உட்கார்ந்திருப்பார்கள். மீன் கடித்தால் அவள் கத்துகிற கத்தலில் நாரைகள் பறக்கும். இப்போது அங்கே சக்கரம் செய்யும் ஆலை. “ஒரே ஒரு தடவை அந்தத் தண்ணியப் பாத்தாப் போதுங்க” என்று அவள் சொல்லாத மாதமில்லை.

வெட்டச் சொல் இல்லாததால் சட்டப்படி முத்திரை குத்தினார். பார்த்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். அமைச்சர் அரும்பொருளார் அவரைக் கூப்பிட்டனுப்பினார்.

“என்னய்யா சொல்லுது அந்தப் படம்?”

“ஒண்ணும் சொல்லலீங்க ஐயா.”

“ஒண்ணும் சொல்லாமலா ஜனங்க அழுவாங்க? அப்ப ரொம்ப மோசமா என்னமோ சொல்லியிருக்கு!”

படம் பார்ப்பவர்கள் இடைவிடாமல் ஆலைகளைப் புகழ வேண்டும் என்று ஆணை வந்தது. அங்கயற்கண்ணி போய்விட்டுத் தொண்டை கட்டி வந்தாள். “பேசிப் பேசியே தண்ணியப் பாக்காம விட்டுட்டேன், போங்க.”

பிறகு வீட்டிலும் மௌனம் தடைசெய்யப்பட்டது. தெருத்தெருவாக ஒலிபெருக்கி கட்டினார்கள். குழந்தைகள் தூங்கவில்லை, தூங்காத குழந்தைகள் உற்சாகமாக இருப்பதாக அரசு அறிவித்தது.

கடைசியில் மன்னரே படத்தைப் பார்க்க விரும்பினார். மாசிலாமணி அரண்மனையில் ஓட்டிக் காட்டினார்.

“ஆகா, எவ்வளவு ரம்மியமான இடம்!” என்றார் மன்னர். “இங்கே ஓர் ஆலை கட்டலாமே!”

“கட்டியாச்சுங்க மகாராஜா. நீங்கதான் ரிப்பன் வெட்டுனீங்க” என்று மாசிலாமணி வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

“அப்படியானால் ஏரி எங்கே?”

அமைச்சர் திணறவில்லை. “காணாமப் போச்சுங்க மகாராஜா. இப்ப அந்தப் பொண்ணுகிட்ட இருக்கு. வேற என்ன துப்பு வேணும்?”

ஏரியைத் திருடியதாகச் செண்பகவல்லி கைதானாள். அந்நாட்டு வழக்கப்படி களவுபோன பொருளை மன்றத்தில் வைத்து, பறிகொடுத்தவர்களை அடையாளம் காட்டச் சொல்வார்கள். ஆகவே மன்றத்தில் திரை கட்டினார்கள். மன்றத்தில் கேட்காமல் பேசினால் அவமதிப்பு. நாட்டிலேயே வாயை மூடிக்கொண்டிருக்க அனுமதி உள்ள ஒரே இடம். ஊரே வந்து குவிந்தது.

முதல் சாட்சி அங்கயற்கண்ணி. திரையில் நாரை ஒன்று இறங்கியது. அவள் கால்விரல்கள் தாமாக மடங்கின.

“அம்மா, இது உங்க ஏரிதானே?” நீதிபதி கனிவாகக் கேட்டார். “ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். இந்தத் திருடியை ஆயுசுக்கும் உள்ளே தள்ளிடறேன்.”

அவள் கூண்டிலிருந்த பெண்ணைப் பார்த்தாள். பின்வரிசையில் கணவரைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். திரும்பத் தண்ணீரைப் பார்த்தாள், கண் கொள்ளுமட்டும்.

“இல்லீங்க. இப்படியொரு ஏரிய நான் பாத்ததே இல்ல.”

அடுத்து வந்தவரும் அதையே சொன்னார். அதற்கடுத்தவரும். பறிகொடுத்தவர் எவருமில்லாததால் செண்பகவல்லி விடுதலையானாள்.

மறுநாள் அரசிதழ் வெளிவந்தது: ‘அல்லியேரி என்ற ஒன்று எக்காலத்திலும் இருந்ததில்லை. குடிமக்களே சாட்சி.’