நிரம்பினால் கிளம்பும் ஜீப்

இந்த ஞாயிற்றுக்கிழமை கடல் தாண்டப் போவதில்லை என்று போலிகார்ப்போ முடிவு கட்டிவிட்டார். பிஷப்பே ஆள் அனுப்பினாலும் சரி, நகரப் போவதில்லை. முடிவு கட்டினாரே தவிர, வாயைத் திறந்து யாரிடமும் சொல்லவில்லை. யாரிடமும் என்றால் மனைவியிடம்.

ஊரில் அவரைக் கார்ப்போ என்பார்கள். முழுப்பெயரின் தொடக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் 'போலி'க்கு அந்த ஊர்ப் பாஷையில் தப்பான அர்த்தம் ஏதும் இல்லை. இருந்தாலும் பெற்றவர்கள் ஆளைப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

விஷயம் இதுதான். ஞாயிறு மாலை மூன்று மணிக்கு ஊர் மைதானத்தில், நாற்பதைக் கடந்தவர்களுக்கான கூடைப்பந்துக் கோப்பையின் ஃபைனல். மூன்று வருஷமாக அரையிறுதியிலேயே மண்ணைக் கவ்விய அணி, இந்தத் தடவை எப்படியோ தப்பிப் பிழைத்து ஃபைனலுக்கு வந்துவிட்டது. அதில் எட்டாம் நம்பர் சட்டை கார்ப்போவுடையது. நாற்பத்தேழு வயசில் மனுஷனுக்கு இன்னொரு ஃபைனல் வருமா? வராது. வந்தாலும் முட்டி வராது.

அதே ஞாயிறு காலை பதினோரு மணிக்கு, கடலுக்கு அந்தப் பக்கம் சிக்கிஹோர் தீவில், மச்சினி நெனிட்டாவின் தலைச்சன் பிள்ளைக்கு ஞானஸ்நானம். கோயில் முடிந்து விருந்து என்று உட்கார்ந்தால் எழுந்திருக்கப் பொழுது சாய்ந்துவிடும். போகவேண்டுமென்றால் டுமகெட்டே துறைமுகத்தில் எட்டரைக் கப்பலைப் பிடித்தாக வேண்டும். அதை விட்டால் அடுத்தது ரெண்டு மணிக்கு. ஆகவே எட்டரைக் கப்பலை விடவேண்டும். தானாக விட்டது போலவும் இருக்க வேண்டும்.

வியாழக்கிழமை சாயங்காலம் மனைவி மேடிங் மீனைப் பொரித்துக்கொண்டே பேச்சை எடுத்தாள்.

"துறைமுகத்துக்கு எதுல போறோம்? வேனுக்குச் சொல்லிடட்டுமா?"

"வேனா?" கார்ப்போ நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். "கண்ணாடிய மூடிட்டு ஏசியப் போட்டுக் கொல்லுவான். போன ஈஸ்டருக்கு உனக்குக் குமட்டி, முன்சீட்டுக்காரர் தொப்பியில..."

"அது நான் இல்ல. நீங்க."

"யாரா இருந்தா என்ன? தொப்பி போச்சா இல்லையா?"

"சரி, ஹபல்-ஹபல்?"

ஹபல்-ஹபல் என்பது மோட்டார் சைக்கிள்தான். பின்னால் பலகை நீட்டிக் கட்டி, ஓட்டுகிறவனோடு ஐந்து பேரை அடுக்கிக்கொண்டு பறக்கும்.

"புது கவுனப் போட்டுக்கிட்டு அதுல ஒருபக்கமா உட்காருவியா? வளைவுல வண்டி திரும்பும், நீ மட்டும் நேரா போயிடுவ."

"போனா உங்களுக்கு நிம்மதிதானே."

"சேச்சே, அப்படிச் சொல்லாத. கவுன் என்னாகும்?"

மேடிங் கரண்டியை ஒருதரம் ஓங்கி, மீனையே திருப்பிப் போட்டாள். "ட்ரைசிக்கிள்?"

"ஊர் எல்லை வந்ததும் இறக்கிவிட்டுடுவான். ரெண்டு எல்லை, மூணு வண்டி, கையில கேக்கு. துறைமுகம் போய்ச் சேர்றப்போ அது கேக்கா இருக்காது, கஞ்சியா இருக்கும்."

"பஸ்?"

"பஸ்ஸுல கோழியெல்லாம் ஏத்துறான்."

"அப்புறம் எதுலதான் போறது? நீந்தியா?"

இந்த இடத்துக்காகத்தான் கார்ப்போ காத்திருந்தார். இப்போதுதான் தோன்றியது போல நெற்றியைத் தட்டிக்கொண்டார். "ஏன், நம்ம நோனோய் ஜீப் இருக்கே! நல்லா காத்து வரும். உள்ள மாதா படம் வேற மாட்டியிருக்கான். ஞானஸ்நானத்துக்குப் போறப்போ மாதாவோட போறதுதானே மரியாதை?"

நோனோயின் ஜீப்புக்கு நேரம் என்று ஒன்று கிடையாது. இருபது பேர் நிரம்பினால் கிளம்பும், நிரம்பாவிட்டால் கிளம்பாது. ஞாயிறு காலையில் ஊரே கோயிலில் இருக்கும். எட்டு மணிவரை நாலு பேர் தேறினால் அதிசயம். காலி இடத்துக்கும் சேர்த்துக் காசு கொடுத்துக் கிளப்ப மேடிங்குக்குக் கனவிலும் மனசு வராது. கார்ப்போ இதையெல்லாம் மூன்று நாளாக யோசித்து வைத்திருந்தார். இப்படி ஒரு மூளை இந்தத் தீவில் வீணாகிறதே என்று தன்மேலேயே அவருக்கு இரக்கம் பொங்கியது.

மேடிங் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "சரி டோங். ஜீப்புலயே போவோம்."

கார்ப்போ அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும். கல்யாணமாகி இருபத்துமூன்று வருஷத்தில் அவள் எதற்கும் முதல் தடவையிலேயே சரி சொன்னதில்லை. 'டோங்' என்று செல்லம் கொஞ்சியது அதைவிட மோசம். ஆனால் ஜெயித்த சந்தோஷத்தில் மனுஷனுக்குக் காது கேட்கவில்லை. ரெண்டு மீன் கூடுதலாகத் தின்றுவிட்டுப் படுத்தார்.

ஞாயிறு காலை ஆறரைக்குச் சந்தை முனையில் ஜீப் நின்றது. உள்ளே மாதாவும், மூலையில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு தேங்காய் வியாபாரியும் மட்டும் இருந்தார்கள். மேடிங் கேக்கை மடியில் வைத்துக்கொண்டு வாசலோரமாக உட்கார்ந்தாள். எதிரே கார்ப்போ. விழாச் சட்டைக்குள்ளே எட்டாம் நம்பர் சட்டையையும் போட்டிருந்ததால் அப்போதே வேர்த்துக் கொட்டியது.

"ஏங்க இப்படி வேர்க்குது?"

"கப்பலை விட்டுடுவோமோன்னு பயம்." வாய் கூசாமல் சொன்னார். "பாவம், நெனிட்டா வாசலையே பார்த்துக்கிட்டு இருப்பா."

ஆறே முக்கால் ஆனது. ஏழும் ஆனது. ஜீப்பில் ஓர் ஈகூட ஏறவில்லை. தேங்காய் வியாபாரி ஒருதரம் விழித்து, "கிளம்பிடுச்சா?" என்று கேட்டுவிட்டு மறுபடி குறட்டை விட்டார். மேடிங் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ஒரு கவலை இல்லை.

இது போதாது என்று கார்ப்போவுக்குத் தோன்றியது. நாளைக்கு மாமியார் வீட்டில் பேச்சு வந்தால், 'பாவம், அவர் எவ்வளவோ அலைஞ்சார்' என்று இருக்க வேண்டாமா? "நான் போய் வேன் கிடைக்குதான்னு பார்த்துட்டு வந்துடறேன்" என்று இறங்கினார். தெருமுனை திரும்பியதும் வேனைப் பார்க்கவில்லை, புட்டுக்கடையைப் பார்த்தார். ரெண்டு புட்டு, ஒரு காபி. மூன்று மணி ஆட்டத்துக்கு உடம்பில் தெம்பு வேண்டாமா? முதல் பந்தைத் தான் கூடையில் போடுவது போலவும், ஊரே எழுந்து நிற்பது போலவும் நினைத்துக்கொண்டே இன்னொரு காபி சொன்னார்.

காபி வருமுன் ஹாரன் வந்தது. நோனோயின் ஹாரன். கிளம்பும்போது மட்டும் அடிக்கிற ஹாரன்.

கார்ப்போ ஓடிப்போய்ப் பார்த்தார். ஜீப் பிதுங்கி வழிந்தது. அதைவிட, வழிந்த முகங்களைப் பார்த்ததும்தான் அவர் நடுத்தெருவில் நின்றுவிட்டார். கேப்டன் திபுர்சியோ. மூன்றாம் நம்பர் பல் டாக்டர். ஐந்தாம் நம்பர் மளிகைக்காரன். அணி மொத்தமும் தலைவாரி, சென்ட் அடித்து, விழாச் சட்டையில் உட்கார்ந்திருந்தது. எதிர் வரிசையில் எதிரணி. டிரைவர் பக்கத்தில் நடுவர் செராப்பியோ, கழுத்தில் விசில்கூட இல்லாமல்.

"என்னடா இது? எங்க போறீங்க எல்லாரும்?"

"உன் மச்சினி பிள்ளைக்கு ஞானத்தகப்பன் ஆகத்தான்!" என்றான் கேப்டன். "உன் பொண்டாட்டி வெள்ளிக்கிழமையே வீடு வீடா வந்து கூப்பிட்டுட்டாங்க. மறுக்க முடியுமா? பிள்ளைக்கு ஆகாதுல்ல?"

வாஸ்தவம். அந்த ஊரில் ஒரு பிள்ளைக்கு ஒரே ஞானத்தகப்பன் என்று கணக்கு கிடையாது. இருபது பேர்கூட நிற்கலாம். ஆனால் கூப்பிட்டு மறுத்தவன் ஒருத்தன் கிடையாது.

"ஃபைனல்?" என்றார் கார்ப்போ.

"அடுத்த ஞாயிறு" என்று முன்னாலிருந்து நடுவர் கை காட்டினார். அதுதான் இறுதித் தீர்ப்பு.

ஜீப் நகர்ந்தது. போகட்டும், நான் இங்கேயே இருந்துகொள்கிறேன் என்று ஒரு வினாடி நினைத்தார். இருந்து யாரோடு ஆடுவது? ஊரில் மிச்சமிருந்தது கூடை மட்டும்தான். தலைதெறிக்க ஓடி, பின்படியில் ஒரு காலை வைத்துக் கம்பியைத் தொற்றிக்கொண்டார். உள்ளேயிருந்து கைதட்டல் கிளம்பியது.

"மைதானத்துல ஒருநாளாவது இப்படி ஓடினியா?" என்றான் கேப்டன்.

கார்ப்போ வாசலோரம் இருந்த மனைவியைப் பார்த்து மூச்சு வாங்கினார். சட்டைப் பொத்தான் தெறித்து, உள்ளேயிருந்த எட்டாம் நம்பர் வெளியே எட்டிப் பார்த்தது.

"உனக்கு எப்படிடீ தெரியும்?"

"கேப்டன் பொண்டாட்டிதான் புதன்கிழமை சொன்னா." மேடிங் அவருடைய பழைய இடத்தில் கேக்கைப் பத்திரமாக வைத்துவிட்டு, விசிறியால் அவருக்கு ரெண்டு வீசு வீசினாள். "ஃபைனல்ல உங்கள ஆடவிடறதா இல்லியாம் டோங், பெஞ்சுலதான் உட்காரவெக்கறதா இருந்தாங்களாம். இப்ப பெஞ்சுலயும் இடமில்ல, கம்பியக் கெட்டியாப் பிடிச்சுக்கோங்க."