கிரௌன் வீலுக்கு ஓர் இடமாற்ற உத்தரவு

சக்கரத்தைக் கண்டுபிடித்தவர் யாரென்று உலகத்துக்குத் தெரியாது. ஆனால், சக்கரத்துக்கு இடமாற்ற உத்தரவு போட்ட முதல் அலுவலகம் எங்களுடையதுதான் என்பதை எந்தச் சரித்திர ஆசிரியரும் மறுக்க முடியாது. நகல் என்னிடம் இருக்கிறது. அதைத் தட்டச்சு செய்தவனே நான்தான். அப்போது தலைமை எழுத்தர். இப்போது ஓய்வு பெற்றுவிட்டதால் உண்மை பேசும் உடல்நிலையில் இருக்கிறேன்.

எங்கள் அலுவலக வேன் திருப்பங்களில் முனகத் தொடங்கியிருந்தது. பின் அச்சைக் கழற்றிப் பார்த்த மெக்கானிக் அம்மாள் (எங்கள் எல்லோருக்கும் 'ஸ்பானர் அக்கா'), டிஃபரன்ஷியலின் பற்கள் கொட்டிப்போய் அது பொக்கைவாய் ஆகிவிட்டதாக அறிவித்தார். வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் கூடுதலாக ஓட வேண்டும், உள்பக்கச் சக்கரம் குறைவாக. மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் நிற்கும் பிள்ளையைப் போல இரண்டுக்கும் தலையாட்டிக் குடித்தனம் நடத்துவது டிஃபரன்ஷியலின் உத்தியோகம். அதன் பக்கவாட்டில் சாப்பாட்டுத் தட்டு அளவில் பல் வைத்த ஒரு பெரிய சக்கரம் உண்டு. பெயர் கிரௌன் வீல்.

புதுப் பல்சக்கரங்கள் வந்து இறங்கின. அக்கா அரை நாளில் மாட்டியிருப்பார். அரை நாள் வேலையை அரை நாளில் முடிப்பது எங்கள் அலுவலகத்தில் ஒழுங்கீனம். எனவே 'பின் அச்சு உயர்மட்டக் குழு' உதயமானது. அக்காவும் காத்திருந்தார். பதினோரு வருடமாகத் தற்காலிக ஊழியர். நிரந்தர உத்தரவு மேலாளரின் இழுப்பறையில் கிடந்தது. "வேன் ஓடட்டும்மா, அன்னைக்கே கையெழுத்துப் போடறேன்" என்பது மேலாளரின் வாக்கு.

குழு பட்டறையில் கூடியது. மேலாளர் குனிந்து பார்த்தார்.

"இந்தப் பெரிய சக்கரம் எந்தப் பக்கம் இருக்கும்?"

"இடது பக்கம் சார்."

"எவ்வளவு நாளா?"

"வண்டி வந்த நாள்லேர்ந்து. பத்தொன்பது வருஷம்."

மேலாளருக்கு வியர்த்தது. மூன்று ஆண்டுகளுக்கு மேல் எவரும் ஒரே இருக்கையில் இருக்கலாகாது என்பது எங்கள் அலுவலகத்தின் உயிர்மூச்சான விதி.

"பத்தொன்பது வருஷமா ஒரே சீட்டா! யாரோட சிபாரிசு?"

"பினியனோட சிபாரிசு சார். இன்ஜின் சுத்தறத அதுதான் இதுக்குக் குடுக்குது. பக்கம் மாத்தினா எல்லாமே தலைகீழ். நாலு முன் கியரும் பின்னால போகும். ரிவர்ஸ் போட்டாத்தான் முன்னால நகரும்."

"ஏம்மா, நீ பர்மனென்டா?"

"இல்ல சார்."

"அப்போ உன் கருத்தும் டெம்பரரிதான்."

வாக்கெடுப்பு நடந்தது. நான் உட்பட எல்லோரும் கை தூக்கினோம். தூக்காதது ஜாக்கி மட்டும்தான். அது ஏற்கெனவே வண்டியைத் தூக்கிக்கொண்டிருந்தது.

"சரி, எழுத்துல குடுங்க" என்றார் அக்கா.

கொடுத்தோம். 'நிர்வாக நலன் கருதி, இடது பக்கத்தில் பணிபுரியும் கிரௌன் வீல் உடனடியாக வலது பக்கத்துக்கு மாற்றப்படுகிறது. பயணப்படி கிடையாது.'

வெள்ளோட்ட நாள். வேனுக்கு முன்னால் ரிப்பன், கத்தரிக்கோலோடு மேலாளர். டிரைவர் அண்ணன் முதல் கியர் போட்டார். வேன் ரிப்பனுக்கு முதுகு காட்டி, கம்பீரமாகப் பின்னால் போய், மேலாளர் அறைக் கதவைத் திறக்காமலேயே உள்ளே நுழைந்தது.

"யோவ், ஏன்யா பின்னால போற?"

"நான் முன்னாலதான் சார் போறேன். வண்டிதான் ஒத்துக்க மாட்டேங்குது!"

அக்கா சிரிக்காமல் சொன்னார்: "நாலு ரிவர்ஸ் கியர் இருக்கற வேன் வேற எந்த ஆபீஸ்லயும் கிடையாது சார்."

மேலாளரின் முகம் மலர்ந்தது. "அப்படியா? யோவ், அதைக் குறிப்புல ஏத்து!"

ஏற்றினேன். 'சாதனை' என்ற தலைப்பின் கீழ்.

அதன்பின் மூன்று வாரம் பொற்காலம். முன்னால் போக ஒரே ஒரு கியர். எங்கள் வேனைச் சைக்கிளில் முந்திய என் மைத்துனன், "அத்தான், இறங்கி நடங்க, சீக்கிரம் போயிடலாம்!" என்று கத்திவிட்டுப் போனான். அவசர நாட்களில் வேனைத் திருப்பி நிறுத்தி, பின்புறம் முன்னே வர, நாலு கியரிலும் பறந்தோம். கழுத்தைத் திருப்பியே ஓட்டிய டிரைவர் அண்ணன், வீட்டில் சாப்பாட்டுத் தட்டைக்கூடத் தோளுக்கு மேலாகத்தான் பார்த்தாராம். அக்காவின் உத்தரவு மட்டும் இழுப்பறையை விட்டு வரவில்லை. "வேன் ஓடட்டும்மா" என்ற மேலாளர், எந்தப் பக்கம் என்று சொல்லியிருக்கவில்லையே!

ஒரு திங்கட்கிழமை, வேன் முதல் கியரில் முன்னால் போனது. அலுவலகமே அதிர்ந்தது.

"யார் உத்தரவு?" என்று மேலாளர் அலறினார்.

"உத்தரவு இல்ல சார். ஞாயித்துக்கிழமை வந்து நானே மாத்திட்டேன். அண்ணன் கழுத்தைப் பாக்கச் சகிக்கல."

அன்று நான் எழுதிய குறிப்பாணை, இலக்கியம். 'உரிய அனுமதியின்றி அலுவலக வாகனத்தை முன்னோக்கிச் செல்லவைத்த குற்றத்துக்காகத் தங்கள் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது?'

அக்கா ஒரே வரியில் பதில் எழுதினார்: 'வேன் மட்டும்தான் சார் முன்னால போச்சு, வேற யாரும் போகல, பயப்படாதீங்க.'

'விளக்கம் திருப்திகரமாக இல்லை' என்று அதன் அடியில் எழுதியதும் இதே கைதான். நிரந்தர உத்தரவு கிழிந்தது. அக்கா ஸ்பானர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவர் மாட்டிய சக்கரம் மட்டும் இடது பக்கத்தில் நிரந்தரமாகிவிட்டது. அதை மாற்ற யாருக்கும் தெரியவில்லை.

நான் ஓய்வு பெற்ற அன்று அந்த வேனில்தான் வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். நாலாவது கியர், எங்கள் தெருமுனைத் திருப்பத்தில் ஒரு முனகல்கூட இல்லை. மடியில் மேலாளர் கையால் வாங்கிய கேடயம். அதில் பொறித்திருந்ததை வழியெல்லாம் படித்துக்கொண்டே போனேன்: 'முப்பத்திரண்டு ஆண்டுகள் ஒரே இருக்கையில் அசையாது பணியாற்றியமைக்காக.'