புகைபோக்கியில் என் பெயர்

கிள்ளான்,
ஞாயிறு காலை.

பெருமதிப்புக்குரிய சம்பந்தி குமரப்பன் அவர்களுக்கு,

கிள்ளானிலிருந்து சிவநேசன் பணிவுடன் எழுதுவது. இங்கே நான், என் மனைவி புனிதா, என் இடது முழங்கால் வலி ஆகிய மூவரும் சௌக்கியம். அங்கே தாங்களும் சம்பந்தியம்மா சிவகாமி அவர்களும் மாப்பிள்ளை சேவுகனும் எங்கள் மகள் உமாவும் நலமாக இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன். கையில் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று தாங்கள் நினைக்கலாம். நான்கு தடவை குரல் பதிவு அனுப்பப் பார்த்தேன். நான்கு தடவையும் "வணக்கம் சம்பந்தி" என்பதற்கு மேல் பேச்சு வரவில்லை, அழித்துவிட்டேன். அழிப்பதில் எனக்கு இப்போது நல்ல கைப்பழக்கம் உண்டு என்பது இதைப் படித்து முடிக்கும்போது தங்களுக்கே தெரியும்.

முதல் தப்பு தீபாவளி கழிந்த மறு ஞாயிறு, தங்கள் பிரிக்பீல்ட்ஸ் வீட்டிலேயே நடந்தது. சீயமும் கந்தரப்பமும் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போன நான், நேரே வராமல் தங்கள் ஆபீஸ் அறைக்குள் எட்டிப் பார்த்தேன். அங்கே மேசைமேல் அந்தப் பழைய கம்ப்யூட்டர். துறைமுக ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த காலத்தில், சாப்பாட்டு வேளையில் நான் விமானம் சுடும் விளையாட்டு ஆடியது அதே மாதிரிப் பெட்டியில்தான். "அடேங்கப்பா, இது இன்னுமா இருக்கு! இத ரிப்பேர் பண்ணிப் பழைய கேம் போட்டு ஆடுனா எப்படி இருக்கும்!" என்று வாய்விட்டேன். நீங்கள், "புடிச்சிருந்தா எடுத்துட்டுப் போங்களேன் சம்பந்தி. இங்க சும்மாதானே கெடக்கு" என்றீர்கள். சம்பந்தி வீட்டுச் சுவர்க் கடிகாரத்தை நன்றாயிருக்கிறது என்று சொன்னால்கூடக் கழற்றித் தருகிறேன் என்றுதான் சொல்வார்கள். நாம் "ஐயையோ, பேச்சுக்குச் சொன்னேன்" என்று மூன்று தடவை மறுத்துவிட்டு, ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு வரவேண்டும். இதுதானே முறை? நான் என்ன சொன்னேன்? "மைவி கார் பூட்ல எடம் இருக்கு" என்றேன். புனிதா என் காலை மிதித்தாள். முழங்கால் வலியென்று நினைத்துக்கொண்டேன். சம்பந்தியம்மாவின் முகம் போன போக்கையும் கவனிக்கவில்லை. நீங்களோ அந்தக் கனத்த மானிட்டரைத் துண்டால் துடைத்து, நீங்களே தூக்கிக்கொண்டு லிப்டில் இறங்கி வந்து, குழந்தையைப் படுக்கவைப்பது மாதிரி பூட்டில் வைத்துவிட்டு, "மெதுவா ஓட்டுங்க" என்றீர்கள். எனக்குச் சொல்கிறீர்கள் என்று நினைத்து, "பழகின ரோடுதானே சம்பந்தி" என்றேன். அடடா, என்ன மனுசன் நான்!

கொண்டுவந்த பிறகாவது சும்மா இருந்தேனா? பெட்டி முழுக்க மஞ்சளேறிப் போயிருந்தது. தலைமுடியை வெளுக்க வைக்கிற கிரீமைத் தடவி வெயிலில் வைத்தால் பழைய பிளாஸ்டிக் பளிச்சென்று ஆகிவிடும் என்று யூடியூபில் ஒரு வெள்ளைக்காரன் சொன்னான். சலூன் சாமான் கடையில் இரண்டு டப்பா வாங்கிவந்தேன். "சம்மந்தி வீட்டுச் சாமானுக்கு மண்டைக்குப் போடற கிரீமா? மொதல்ல உங்க தலையில தடவிப் பாருங்க, அங்க கெட்டுப் போறதுக்கு ஒண்ணும் இல்ல" என்று புனிதா சொன்னாள். கேட்கவில்லை. தடவி, பிளாஸ்டிக் தாள் சுற்றி, வாசலில் கார் நிறுத்துமிடத்தில் காயவைத்துவிட்டுக் கண்ணயர்ந்தேன். கிள்ளான் மழை சொல்லிக்கொண்டா வரும்? எழுந்து பார்த்தால், சரியாகப் பிசையாத மாவு மாதிரித் திட்டுத்திட்டாக இருக்கிறது. ஆயுத பூசைக்கு ஆயுத பூசை சம்பந்தியம்மா வைத்துவந்த சந்தனமும் குங்குமமும் போன இடம் தெரியவில்லை. அதைப் பார்த்ததும்தான், செய்தது தப்போ என்று எனக்கு முதல்முதலாகத் தோன்றியது.

உள்ளே இருப்பதையாவது ஒழுங்காகச் செய்வோம் என்று, இங்கே ரிப்பேர் கடை வைத்திருக்கும் முகுந்தனிடம் கொண்டுபோனேன். கெட்டிக்காரப் பிள்ளை. கசிந்துபோன பேட்டரியை மாற்றினான், மெமரியைக் கூட்டினான், ஊமையாக இருந்ததற்கு ஒரு சவுண்ட் கார்டு போட்டான். பிறகு காதைப் பெட்டிமேல் வைத்துக் கேட்டுவிட்டு, "அங்கிள், இந்த ஹார்ட் டிஸ்க் மொனகுது. இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்கு. உள்ள இருக்கறத எல்லாம் மெமரி கார்டுக்கு மாத்திடறேன், ஸ்பீடும் கூடும்" என்றான். மாற்றி முடித்த அடுத்த நிமிடம் அந்த டிஸ்க் 'டக்' என்று ஒரு சத்தம் போட்டு அடங்கிவிட்டது. "நல்ல நேரம் பாத்துக் கொண்டாந்தீங்க. இனிமே இந்தக் கார்டு ஒண்ணுதான் அங்கிள், வேற காப்பி கெடையாது. பத்திரம் லா" என்றான். கவனியுங்கள் சம்பந்தி, அதுவரைக்கும் நான் உங்களுக்கு நல்லதுதான் செய்திருந்தேன். அத்தோடு மூடிக் கொண்டுவந்து கொடுத்திருந்தால் எனக்கு நீங்கள் பொன்னாடை போர்த்தியிருப்பீர்கள்.

என் விமான விளையாட்டை ஏற்ற இடம் தேடியபோதுதான் 'ஆபீஸ்' என்று பெயர் போட்ட ஒன்று கண்ணில் பட்டது. தட்டினேன். ஊர் கட்டும் விளையாட்டு! நீங்கள் தினமும் காலை பத்து மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு, "யாரும் வராதீங்க, வேலை இருக்கு" என்று உட்காருவதாகச் சம்பந்தியம்மா பெருமையாகச் சொல்வார்களே, அந்த வேலை இதுதானா என்று எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. இருபத்தேழு வருடம் ஒரே ஊரைக் கட்டியிருக்கிறீர்கள். ஆற்றங்கரையில் சிவகாமி பள்ளிக்கூடம், மேட்டில் சேவுகன் திடல், எல்லாவற்றுக்கும் ஆங்கில எழுத்தில் சின்னச் சின்னப் பலகை. கீழ்ப்பக்கம் கடைசியாக நட்ட மரங்களுக்கு நடுவே 'உமா பூங்கா'. என் மகள் பெயர்! கட்டிக்கொடுத்து இரண்டு வருடம் ஆகிறது. அவளை அங்கே எப்படி வைத்திருக்கிறார்களோ என்று நான் கவலைப்படாத நாளில்லை. உண்மையைச் சொல்கிறேன், கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

துடைத்துவிட்டுக் கண்ணாடியைப் போட்டேன். போட்டிருக்கக் கூடாது. 'உமாவுக்கே பூங்கா என்றால் நமக்கும் ஏதாவது இருக்குமே' என்று ஊர் முழுக்கத் தேடினேன். கோவில் பக்கம் இல்லை, ஆற்றங்கரையில் இல்லை. ஊருக்கு வெளியே ஒரு மூலையில், கரிய புகை கக்கிக்கொண்டு ஓர் அவலட்சணமான கட்டடம். அதன்மேல் 'சம்பந்தி' என்று பலகை. உங்களுக்கு ஒரே பிள்ளை, ஒரே சம்பந்தி. வேறு யாரையும் சொல்ல வழியில்லை. குப்பை எரிக்கும் ஆலைக்கு என் பெயரா! கல்யாணப் பந்தியில் கடைசி வரிசைக்குப் பாயசம் வராதது என் குற்றம்தான், அன்றைக்கே கையெடுத்துக் கும்பிட்டேன். அதற்காக இதுவா? எனக்குச் சுருக்கென்றது. இடிக்கிற வண்டிப் படத்தை எடுத்தேன், ஒரே போடு. அந்த இடத்தில் நாலு மரம் நட்டு, பலகையை அதிலேயே வைத்தேன். இப்போது பார்க்க லட்சணமாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு வீட்டின்மேலும் மின்னல் மாதிரி ஒரு குறி வெட்ட ஆரம்பித்தது. ஊரெங்கும் மின்னல். 'விளையாட்டிலேயும் மழைக்காலம் போலிருக்கிறது' என்று நினைத்தேன். நம் ஊரில் மின்னல் வெட்டினால் என்ன செய்வோம்? டிவி, மோடம் எல்லாவற்றின் பிளக்கையும் பிடுங்குவோம். சம்பந்தி வீட்டுச் சாமானுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்று அவசரமாக அணைக்கப் போனேன். பழையதன்மேலேயே சேமிக்கலாமா என்று கேட்டது. ஆமாம் போட்டேன், பிளக்கைப் பிடுங்கினேன். மறுநாள் திறந்தால் மழை விடவில்லை. மூன்று நாள் இதே கதை. விடும் விடும் என்று காத்திருந்து, ஒவ்வொரு நாளும் ஆமாம் போட்டுவிட்டு எழுந்தேன். நாலாம் நாள் வீடுகளெல்லாம் கறுத்துப் போயிருந்தன. சனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இல்லை, திடலில் ஆளில்லை. முகுந்தனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "பழசு இல்ல அங்கிள். நீங்கதான் மேல மேல சேவ் பண்ணிட்டீங்களே" என்றான். நீங்கள் மரியாதைக்குச் சொன்ன 'எடுத்துட்டுப் போங்க'வை நான் நிசமென்று எடுத்துக்கொண்டேன். கம்ப்யூட்டர் நிசமாகக் கேட்ட கேள்விக்கு மரியாதைக்கு 'ஆமாம்' போட்டேன். இரண்டிலும் போனது உங்கள் ஊர்.

இப்போது ஞாயிறுதோறும் போனில், "ரிப்பேர் வேலையெல்லாம் ஆகுதா? ஒண்ணும் அவசரம் இல்ல சம்பந்தி" என்கிறீர்கள். அந்த 'அவசரம் இல்ல'வுக்கு என்ன அர்த்தம் என்று இப்போது எனக்குப் புரிகிறது. மாமா இன்னமும் பத்து மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு அந்த வெறும் மேசை முன்னால் உட்காருகிறார் என்று உமா சொன்னாள். எத்தனை வயதானாலும் ஒரு மனுசனுக்குக் கதவைச் சாத்திக்கொண்டு செய்ய ஒரு காரியம் வேண்டியிருக்கிறது. உங்களுடையதை நான் மைவியில் ஏற்றிக்கொண்டு வந்து நாசம் பண்ணிவிட்டேன். ஆனாலும் சம்பந்தி, நியாயம் என்று ஒன்று இருக்கிறதல்லவா? என்னைக் குப்பை மேட்டில் வைத்தது நீங்கள். அதை நான் மனதார மன்னித்துவிட்டேன். அதேபோல ஊர் போனதை நீங்களும் மன்னித்துவிட்டால் சரிக்குச் சரி. இரு வீட்டாருக்கும் மனக்கசப்பு வேண்டாம். நடுவில் இருப்பது என் மகள்.

சம்பந்தியம்மாவுக்குப் புனிதாவின் வணக்கத்தைச் சொல்லவும். மாப்பிள்ளைக்கும் உமாவுக்கும் எங்கள் ஆசீர்வாதம். பத்துமலை முருகன் எல்லாருக்கும் நீண்ட ஆயுளைத் தரட்டும், எனக்கு மட்டும் ஆயுளோடு கொஞ்சம் புத்தியும் சேர்த்துத் தரட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
சிவநேசன்

பி.கு.: கடிதத்தை வாங்கிப் போக உமா வந்தாள். ஒட்டுவதற்குமுன் பிடுங்கிப் படித்தாள். பாதியில் சிரித்தாள், அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "அப்பா, அது குப்பை எரிக்கற எடம் இல்லப்பா. பவர் ஸ்டேஷன் லா! அந்த மின்னல் குறி கரண்ட் இல்லன்னு அர்த்தம். அது போனா ஊரே இருட்டு" என்றாள். கல்யாணத்துக்கு மறுநாள் நீங்கள் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து அந்த ஊரைக் காட்டினீர்களாம். "உங்க அப்பா பொண்ணக் குடுத்து நம்ம வீட்ல வெளக்கேத்தி வெச்சாரு. அதான் இதுக்கு அவரு பேரு" என்றீர்களாம். சம்பந்தி, மேலே நான் உங்களை மன்னித்துவிட்டதாக எழுதிய வரியைத் தயவுசெய்து அடித்துவிடுங்கள். சரிக்குச் சரி என்றதையும் அடித்துவிடுங்கள். வேறு தாளில் எழுதிக்கொண்டிருக்க நேரமில்லை. இன்றைக்கே பெட்டியோடு புறப்பட்டு வருகிறேன். புது ஊர் கட்டுங்கள், நான் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்காருகிறேன். இந்தத் தடவை நிசமான குப்பை மேட்டுக்கே என் பெயரை வையுங்கள், கேட்டு வாங்கிக்கொள்கிறேன். வாசலில் என்னைப் பார்த்ததும் நீங்கள் "பரவாயில்ல சம்பந்தி" என்றுதான் சொல்வீர்கள். இனிமேல் நீங்கள் மரியாதைக்குச் சொல்வதை நான் எடுத்துக்கொண்டு போவதாக இல்லை.