புதன்கிழமைச் செயின்

“செயின் கழண்டுட்டு.”

வாசலில் நின்ற பஹ்மி இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான். பத்து விரலும் கறுப்பு. சட்டையில் மட்டும் ஒரு பொட்டு இல்லை.

றுஷ்தா தோளில் மாட்டியிருந்த பையைக் கழற்றிக் கதிரையில் எறிந்தாள். சிங்கள வகுப்பு தொடங்கி அரை மணி நேரமாகியிருந்தது. சிங்களச் சோதனை பாஸ் பண்ணினால்தான் அவளுடைய அரசாங்க வேலை நிரந்தரமாகும். வகுப்போ புதன் மாலை மட்டும். துறைமுகத்தில் வேலை முடிந்து கணவன் பஹ்மி வந்து இரட்டைப் பிள்ளைகளைப் பொறுப்பெடுத்தால்தான் அவள் படி இறங்கலாம். ஒன்று அலுமாரிக்குள் புகுந்தால் மற்றது குசினி அடுப்படிக்குப் பாயும் வயது.

“அடுத்த புதனும் வராட்டி சோதனை எழுத ஏலாதெண்டு படிப்பிக்கிற சேர் சொல்லிட்டார். தெரியுந்தானே?”

“நான் என்ன செய்ய? சைக்கிளுக்குப் புதன்கிழமை தெரியுமா?”

அதுவும் நியாயம்தான் என்று அவளுக்குப் பட்டது. குற்றவாளி சைக்கிள். அவளுடன் பிறந்த நானா கத்தாரிலிருந்து கொண்டுவந்த கியர் சைக்கிள். பெடலடியில் பெரிது, நடு, சிறிது என்று செயின் ஓடும் மூன்று பல்சில்லுகள்.

வியாழக்கிழமை பஹ்மி ஐந்து மணிக்கே வந்துவிட்டான். றுஷ்தா ஸ்பானரோடு சைக்கிளுக்கு முன்னால் குந்தினாள்.

“விடு றுஷ்தா. அது தானாச் சரியாகும்.”

“தானாச் சரியாக அதுக்கென்ன தடிமன் காய்ச்சலா?”

மூன்று பல்சில்லுகளையும் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, மின்ன மின்னத் திருப்பிப் பூட்டினாள். நடுச்சில்லு உள்பக்கம் வெளியே பார்க்கத் திரும்பி உட்கார்ந்தது அவளுக்குத் தெரியாது.

வெள்ளி காலை தொலைபேசி அலறியது.

“றுஷ்தா! செயின் உண்மையாவே கழண்டுட்டு!” பஹ்மியின் குரலில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் கூட இருந்தது.

“அப்ப முந்தநாள் கழண்டது?”

“அதுவும் உண்மைதான். இது... இன்னும் கொஞ்சம் உண்மை.”

அன்று மாலை வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கனகரத்தினம் தலையை நீட்டினார். ஊரில் எது பழுதானாலும் மருந்து வைத்திருப்பவர்.

“செயின் நீண்டு போச்சு பிள்ளை. ரெண்டு கண்ணியை வெட்டிவிடும். என்ரை சைக்கிள்ல ஒருநாளும் கழண்டதில்லை.”

அவருடைய சைக்கிளில் பயற்றங்கொடி படர்ந்து காய்த்திருந்ததை றுஷ்தா கவனிக்கவில்லை. வெட்டிவிட்டாள்.

சனிக்கிழமை மீன் சந்தைத் திருப்பத்தில் பஹ்மி பெரிய பல்சில்லுக்கு மாற்றினான். கட்டைச் செயின் விறைத்தது, சைக்கிள் நின்றது, பஹ்மி நிற்கவில்லை. ஒரு சூடை மீன் பெட்டிக்குள் தலைகுப்புறப் போனான். வீட்டுக்கு வந்தபோது உடம்பெல்லாம் செதில், பின்னால் மூன்று பூனைகள். கை மட்டும் சுத்தம்.

“செயின் வேலை வேணாம் றுஷ்தா. உனக்குப் புண்ணியம் கிடைக்கும்.”

“என்ட வேலை போகுதுங்க! விடுவனா?”

ஞாயிறு முழுக்கக் கைபேசியில் வீடியோ பார்த்தாள். புரிந்தது. நடுச்சில்லைத் திருப்பினாள். பெரிய பல்சில்லில் துருத்தி நிற்கும் குட்டி முளை பெடல் கைக்குப் பின்னால் வரும்படி வைத்தாள். செயின் வெளியே விழுந்தாலும் இடுக்கில் சிக்காமல் காக்கும் முளை அது. ஆணிகளை எதிரும் புதிருமாக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினாள். அளவான புதுச் செயின் போட்டாள்.

பிறகு அவளே ஏறி மிதித்தாள். துறைமுக வீதிப் பள்ளங்கள், கோட்டைக்குள் ஏற்றம், எல்லாக் கியரும். செயின் அசையவில்லை.

“இனிக் கழட்டச் சொன்னாலும் கழராது!”

“மாஷா அல்லாஹ்,” என்றான் பஹ்மி, ஜனாஸா வீட்டில் துக்கம் விசாரிக்கிற குரலில்.

புதன் வந்தது. ஐந்தானது. ஐந்தேகாலும் ஆனது. பஹ்மி வரவில்லை.

றுஷ்தா தெருவுக்கு ஓடி எட்டிப் பார்த்தாள். எந்த ஆணியை ஒழுங்காக முறுக்காமல் விட்டோம்? மனுசன் எந்த வீதியில் விழுந்து கிடக்கிறாரோ? பிள்ளைகளையும் ஸ்பானரையும் ஓட்டோவில் போட்டுக்கொண்டு துறைமுகப் பக்கம் புறப்பட்டாள். அவனிடம் பிள்ளைகளைக் கொடுத்துவிட்டு, நேரே வகுப்புக்கு ஓட வேண்டும்.

இறங்குதுறைக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடைச் சுவரில் சைக்கிள் சாய்ந்து நின்றது.

“நிப்பாட்டுங்க!”

ஓடிப்போய்க் குந்தினாள். செயினை இரண்டு கையாலும் தடவினாள். ஒரு பல் தவறவில்லை. பெடலைச் சுழற்றினாள். வெண்ணெய்போல் ஓடியது. முளை அதன் இடத்தில். அப்படியானால் என்னதான் பழுது?

கடைக்குள் கெரம் பலகையில் காய்கள் டொக்கென்று மோதின. யாரோ கைதட்டினார்கள்.

கடைக்காரர் ஸைனுலாப்தீன் எச்சில் கிளாஸ்களோடு வெளியே வந்தார். முன்பின் பார்த்திராத பெண்ணையும், அவளுடைய கறுத்த விரல்களையும் பார்த்தார். பார்வையில் இரக்கம் ஊறியது.

“ஏன் தங்கச்சி செயினோட மினக்கெடுறீங்க? வீட்ட காட்டக் கை கறுப்பாகணுமெண்டா உள்ள ஒயில் டின் வச்சிருக்கன். கெரம் விளையாட வாறவங்க எல்லாரும் அதிலதான் முக்கிட்டுப் போறவங்க!”