ரெலவேக்குப் படிக்கிற பொண்ணு

பெற்றவர்கள் காதில் பிள்ளைகள் சொல்வது விழாது. பிள்ளைகளுக்குக் கிடைக்கவேண்டிய வேலைதான் விழும். என் அப்பாவின் காதுக்குள் ஒரு முழு ரயில்வே இலாகாவே ஓடிக்கொண்டிருந்ததும், அதன் தண்டவாளத்தின் குறுக்கே நான் ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு நின்றதும் அப்படித்தான் நடந்தது.

நான் மொரப்பூரில் எங்கள் வீட்டு முன்னறையில், செல்போனைப் பார்த்து பாலே ஆடக் கற்றுக்கொண்டவள். (பாலே என்றதும் எங்கள் பக்கத்தில் ‘எத்தன லிட்டரு?’ என்றுதான் கேட்பார்கள். அதனால் வெளியில் சொல்வதில்லை.) இன்ஜினியரிங் முடித்துவிட்டு, வேலை தேடுவதாகச் சொல்லிக்கொண்டு வீட்டில் இருந்த காலம். ஏதோ ஒரு வீடியோவில் ஒரு பெண் நுனிக்காலில் எழுந்து, அப்படியே நின்றாள். இனி கீழே இறங்கப் போவதே இல்லை என்பதுபோல. அவ்வளவுதான். அன்றோடு எனக்கு மற்ற எந்த வேலைக்கும் மனசு போகவில்லை.

பெங்களூரில் ஸ்டுடியோ வைத்திருக்கும் ஒரு மிஸ்ஸிடம் ஆன்லைனில் சேர்ந்தேன். எனக்கு இருந்த வசதிகளைச் சொல்லியாக வேண்டும். மிக்ஸியின் மேல் ஜார், ஜாரின் மேல் சாய்த்து வைத்த போன். பிடித்துக்கொண்டு ஆடும் கட்டைக்குப் பதிலாக ஜன்னல் கம்பி. சுவர்க் கண்ணாடிக்குப் பதிலாக அணைத்து வைத்த டிவி. அதில் என்னைப் பார்த்தால் கரண்ட் போன நேரத்தில் உள்ளே நுழைந்த திருடன் மாதிரி இருக்கும். சேலம் போகிற எக்ஸ்பிரஸ் கடக்கும்போது வீடு லேசாக நடுங்கும். போன் மெதுவாகத் திரும்பி, சுவரில் தொங்கும் காலண்டரை மிஸ்ஸுக்குக் காட்டும். மிஸ் காலண்டரைப் பார்த்து, “கோகிலா, முதுகு இன்னும் நேரா” என்பார். காலண்டர் அதற்குமேல் நேராக முடியாது.

இதெல்லாம் சிரித்துக்கொண்டே தாங்கக்கூடியவை. தாங்க முடியாதது ஒன்று இருந்தது. “உன் இடுப்பு ஒரு பக்கம் ஏறுது” என்பார் மிஸ். நான் இறக்குவேன். “அது இல்ல, அந்தப் பக்கம்... கோகிலா, அது என்னோட அந்தப் பக்கம்” என்பார். அதற்குள் படம் உறைந்துவிடும், நானும் உறைந்து நிற்பேன். நேரில் என்றால் மிஸ் பின்னால் வந்து, ஒரு விரலால் என் இடுப்பெலும்பைத் தொட்டுத் திருத்திவிடுவார். ஒரு விநாடி வேலை. எனக்கு அந்த ஒரு விரல்தான் வேண்டியிருந்தது. குளிக்கும்போது, துணி காயப்போடும்போது, பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது எல்லாம் அந்த விரலை இடுப்பில் உணர முயன்று பார்த்திருக்கிறேன். (பஸ்ஸில் அப்படி நினைத்துக்கொண்டு நிற்பது புத்திசாலித்தனம் இல்லை.)

கொஞ்சம் தேறியதும் மிஸ் சின்னப் பிள்ளைகள் இருவரை என் பொறுப்பில் விட்டார். ஓசூரில் இருக்கும் தியா, கோயம்புத்தூரில் இருக்கும் நிலா. நான் பாதி கற்றதை அவர்களுக்கு முழுதாகச் சொல்லிக்கொடுத்தேன். என்னையும் இரண்டு பேர் ‘மிஸ்’ என்றார்கள். தலைகால் புரியவில்லை.

அப்பாவுக்குக் குச்சிக்கிழங்குக் காடு, அதாவது மரவள்ளி. ஒரு சாயங்காலம் காட்டிலிருந்து வந்தவர், முன்னறைக் கதவுக்கு வெளியே நின்றிருக்கிறார். உள்ளே ஸ்பீக்கரில் மிஸ் குரல்: “அண்ட் ரெலவே! ஹோல்டு... ஹோல்டு... ஒன்ஸ் மோர், ரெலவே!”

ரெலவே என்பது ஃப்ரெஞ்சுச் சொல். குதிகாலைத் தூக்கி, முன்பாதத்தில் எழுந்து நிற்பதற்குப் பெயர். எங்கள் கதவோ பிளைவுட். இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று எந்த வகுப்பிலும் சொல்லித்தரவில்லை.

நான் வெளியே வந்தபோது அப்பா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

“பாப்பா, உள்ள அந்த மேடம் என்னமோ சொல்லிக் குடுத்தாங்களே, என்னா அது?”

“ரெலவேப்பா.”

“அதான பாத்தேன்! வாயத் தொறந்து சொல்லவே இல்ல? எத்தன பேர எடுப்பாங்க?”

அன்றுதான் மிஸ், கோடையில் பெங்களூர் ஸ்டுடியோவில் நேரில் நடக்கும் வகுப்புக்கு ஆள் எடுக்கப்போவதாகச் சொல்லியிருந்தார். அப்பா அதைத்தான் கேட்கிறார் என்று நினைத்துவிட்டேன்.

“கொஞ்சம் பேருதான்ப்பா. பயங்கரப் போட்டி.”

“பரீட்ச உண்டா?”

“உண்டுப்பா. வூட்டுல இருந்தே ஆன்லைன்ல.”

“செலக்சன் ஆயிட்டா?”

“பெங்களூரு போவணும்.”

“பெங்களூர் டிவிஷனா!” என்றார் அப்பா.

அந்த ‘டிவிஷன்’ என்ற சொல்லில்தான் எனக்கு உறைத்தது. சொல்வதற்கு வாயைத் திறந்தேன். அப்பா அதற்குள் டீக்கடைக்குப் போய்விட்டார்.

மறுநாள் தெருவே என்னை மரியாதையாகப் பார்த்தது. பக்கத்து வீட்டில் டிவி சத்தம் குறைந்தது. எதிர்வீட்டு அக்கா குழம்புக் கிண்ணத்தோடு வந்து, “ரயில்வேக்குப் படிக்கிறியாமே, ஒக்காந்தே இருக்காத கண்ணு, காலு வீங்கிரும்” என்றார். (என் கால் ஏற்கெனவே வீங்கித்தான் இருந்தது, நின்று நின்று.) அப்பா தினமும் தன் தட்டிலிருந்த முட்டையை என் தட்டுக்கு மாற்றினார்.

அம்மாவுக்கு மட்டும் உண்மை தெரியும். முன்னறை டீப்பாயைத் தூக்கி வெளியே வைக்க எனக்கு ஒரு ஆள் வேண்டியிருந்ததால் தெரியும்.

“நீயாவது அப்பாகிட்ட சொல்லும்மா.”

“எதுக்கு? இத்தன வருசத்துல இப்பத்தான் அந்த மனுசன் உன்னப் பத்திப் பேசறப்ப சிரிக்கிறாரு. இன்னும் கொஞ்ச நாளு சிரிச்சிட்டுப் போவட்டும்” என்றாள் அம்மா.

பரீட்சை நாள் வந்தது. மிஸ் பார்த்துக்கொண்டிருக்க நான் தியாவுக்கும் நிலாவுக்கும் வகுப்பு எடுக்கவேண்டும். நடுவில் அவர் கேள்வி கேட்பார். நானும் ஆடிக் காட்டவேண்டும். தேறினால் அந்தக் கோடை எனக்கு மரத்தரை, சுவர் நீளக் கண்ணாடி, அந்த ஒரு விரல். கறுப்பு டைட்ஸ், ஆன்லைனில் வாங்கிய ரோஸ் கலர் குட்டைப் பாவாடை, எண்ணெய் வைத்து இழுத்துக் கட்டிய கொண்டை. டிவிக்குள் இருந்த திருடன் அன்றைக்கு அழகாகத்தான் இருந்தான்.

வகுப்பு நன்றாகவே போனது. தியா கையை வளைத்தாள், நிலா முழங்காலை மடக்கினாள், மிஸ் தலையை ஆட்டிக்கொண்டே பார்த்தார். எனக்குத் தைரியம் வந்தது. ஜன்னல் கம்பியை ஒரு கையால் பிடித்து, மறு கையைப் பக்கவாட்டில் வளைத்து நீட்டி, குதிகாலை உயர்த்தி எழுந்து நின்றேன். மிஸ் கேட்டார்:

“குட், கோகிலா. இன் ரெலவே, வேர் இஸ் த வெயிட்?”

உடம்பின் எடை எங்கே இருக்கிறது என்று கேட்கிறார். முன்பாதத்தில், பெருவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். சொல்ல வாயெடுத்த நேரத்தில் ஜன்னலுக்கு வெளியிலிருந்து ஒரு கட்டைக்குரல் கிசுகிசுத்தது.

“வெயிட்டிங் லிஸ்ட்டுனு சொல்லு பாப்பா. வெயிட்டிங் லிஸ்ட்டு!”

மாதையன் பெரியப்பா. அப்பாவின் அண்ணன். ரயில்வே டிக்கெட் கவுண்டரில் இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டிலேயே பரீட்சை என்றதும், கேமராவில் தெரியாமல் ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்து பதில் எடுத்துக் கொடுக்கட்டும் என்று அப்பா அவரை வரவழைத்து வைத்திருந்தது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. (பெரியப்பாவின் கிசுகிசுப்பு என்பது, கவுண்டர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கேட்கப் பழகிய கிசுகிசுப்பு.)

“வெயிட்டிங் லிஸ்ட், மிஸ்!” என்று தியா கத்தினாள்.

“வாட்?” என்றார் மிஸ்.

பாலேயில் ஒரு விதி உண்டு. கூரையே இடிந்து விழுந்தாலும் முகம் மலர்ச்சியாக இருக்கவேண்டும். நான் மலர்ந்தேன். கேட்காததுபோல் தொடர்ந்து ஆடிவிட்டால் மிஸ் அதை நெட்வொர்க் கோளாறு என்று நினைத்துக்கொள்வார் என்று என் மூளை முடிவு செய்தது. காலைப் பக்கவாட்டில், கம்பி உயரத்துக்கு, என் வாழ்நாளில் அதற்கு முன்னும் பின்னும் வீசாத உயரத்துக்கு வீசினேன்.

சரியாக அதே நேரம், பதில் என் காதில் விழவில்லையோ என்று பெரியப்பா ஜன்னலில் எட்டிப் பார்த்தார். அவர் மூக்குக்கு நேரே, கம்பிக்கு இந்தப் பக்கம், என் பாதம் விறைத்து நீட்டிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே விறைத்த கை. அதற்கும் மேலே, காரணமே இல்லாமல் சிரிக்கிற முகம்.

“டேய் தம்பி, ஓடியாடா! பாப்பாவுக்கு இழுத்துக்கிச்சு! கையி காலெல்லாம் வெறச்சிப் போச்சு! இரும்பு எடுத்தாடா!”

வலிப்பு வந்தவர் கையில் இரும்பைக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். பிளைவுட் கதவு சுவரில் மோதித் திறந்தது. அப்பா ஒரே பாய்ச்சலில் உள்ளே வந்து, நான் மென்மையாக, பூ ஏந்துவதுபோல் வளைத்து வைத்திருந்த உள்ளங்கையில் மோட்டார் ரூம் சாவிக்கொத்தை வைத்து அழுத்தினார்.

“கெட்டியா புடி சாமி! விட்டுறாத! அப்பா இருக்கறேன்!”

“மிஸ், நாங்களும் சாவி எடுத்துட்டு வரணுமா?” என்றாள் நிலா.

அப்பா அப்போதுதான் போனைப் பார்த்தார். திரையில் மேடம். உடனே தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

“வணக்கம் மேடம். பாப்பா நல்லாப் படிக்கும் மேடம். நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. இன்னிக்கின்னு ஒடம்புக்கு இப்படி ஆயிப்போச்சு. மனசு வச்சு ரயில்வேல ஒரு வேல மட்டும் போட்டுக் குடுத்துருங்க மேடம்.”

மிஸ் சிரித்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். அவர் சிரிக்கவில்லை. மிகப் பொறுமையாக, பெங்களூர்த் தமிழில் சொன்னார்:

“ஸார், இது ரயில்வே இல்ல ஸார். டான்ஸ். உங்க டாட்டர் டான்ஸ் கத்துக்கறாங்க. சின்ன மக்களுக்கு சொல்லியும் குடுக்கறாங்க.”

அப்பா என் காலைப் பார்த்தார். பாவாடையைப் பார்த்தார். கொண்டையைப் பார்த்தார். நான் இன்னும் ஒற்றைக் காலில்தான் நின்றுகொண்டிருந்தேன். இறக்குவதற்கு யாரும் சொல்லவில்லை.

“டான்ஸா?” என்றார், என்னிடம் இல்லை, சாவிக்கொத்திடம் கேட்பதுபோல.

மிஸ் என் பக்கம் திரும்பினார். “கோகிலா, நல்லா சொல்லிக் குடுக்கற. ஆனா உன் காலை இன்னிக்கும் நான் சரியா பாக்க முடியல. சீட் ரொம்பக் கம்மி. உன்ன வெயிட்டிங் லிஸ்ட்டுல வைக்கறேன், ஆயிதா, சரியா?”

ஜன்னலுக்கு வெளியிலிருந்து பெரியப்பாவின் குரல், அடக்க முடியாத பெருமிதத்தோடு வந்தது.

“நான் அப்பவே சொல்லல?”

அன்று சாயங்காலம் வரை அப்பா காட்டை விட்டு வரவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. சாப்பிட உட்கார்ந்தவர், முட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வழக்கம்போல என் தட்டில் வைத்தார்.

“பெங்களூருல மட்டும் அப்படி என்னா இருக்குது?” என்றார்.

“மரத்தரைப்பா. அடியில காத்து இருக்கும். குதிச்சா நம்மளத் தாங்கும்.”

அப்பா எங்கள் வீட்டு டைல்ஸை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். “இது தாங்காதா?”

“வலிக்கும்ப்பா.”

“ம்” என்றார். “தெரு பூரா சொல்லிட்டேனே புள்ள, இனி எந்த மூஞ்சிய வச்சிட்டு டீக்கடைக்குப் போறது?” என்று அம்மாவிடம் கேட்டார்.

அம்மா ரசம் ஊற்றிக்கொண்டே சொன்னாள்: “வெயிட்டிங் லிஸ்ட்டுல இருக்குதுன்னு சொல்லுங்க. அதுல பொய் என்னா இருக்குது?”

அப்படியே சொன்னார். ஊர் அதை ஏற்றுக்கொண்டது. எங்கள் ஊரில் பட்டம் வாங்கிய பாதிப் பேர் ஏதாவது ஒரு வெயிட்டிங் லிஸ்ட்டில்தான் இருக்கிறார்கள். யாரும் அதற்குமேல் கேட்பதில்லை.

அந்தக் கோடையில் என் பெயர் வரவில்லை. போனவர்கள் போட்ட படங்கள் குரூப்பில் வந்தன. எல்லோரும் முகங்களுக்கு லைக் போட்டார்கள். நான் முகங்களை ஒதுக்கிவிட்டு, தரையைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு மெல்லிய கோடு ஓடுகிறது. ஒரு படத்தின் ஓரத்தில் மிஸ்ஸின் கை மட்டும் தெரிந்தது. யாரோ ஒரு பெண்ணின் இடுப்பில், ஒரு விரல்.

இப்போதும் வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகள் கூடியிருக்கிறார்கள். தியாவும் நிலாவும் பக்கவாட்டில் கையை நீட்டும்போது உள்ளங்கையில் வீட்டுச் சாவியை வைத்துக்கொள்கிறார்கள். அதுதான் முறை என்று புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். வீட்டில் எந்த விசேஷத்துக்குச் சொந்தக்காரர்கள் கூடினாலும் பெரியப்பா அந்தக் கதையை ஆரம்பித்துவிடுவார். அந்தப் பரீட்சையில் சரியான பதில் சொன்ன ஒரே ஆள் தான்தான் என்று முடிப்பார். யாராலும் மறுக்க முடிந்ததில்லை.

போன் செய்தால் நலம் விசாரிப்பதற்கு முன்பே கேட்டுவிடுவார்.

“என்னா பாப்பா, சார்ட் போட்டாச்சா?”

“இன்னும் போடல பெரியப்பா.”

“போடுவாங்க. கடைசி நேரத்துல எத்தனையோ கன்பார்ம் ஆயிருக்குது, நானே பாத்திருக்கறேன். ஆனா ஒண்ணு, வெயிட்டிங் லிஸ்ட்டுல இருக்கறவ ஸ்டேஷன விட்டு நகரக் கூடாது, சொல்லிட்டேன்.”

“சரிங்க பெரியப்பா” என்பேன். ஒரு கையில் போன், ஒரு கையில் ஜன்னல் கம்பி. அவர் பேசி முடித்து வைக்கும் வரை என் குதிகால் தரையில் படுவதில்லை.